கறி வேண்டாம் என்பது வேறு, கவிச்சி என்பது வேறு

கைக்குழந்தை வைத்திருக்கும் தோழர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், தடுப்பூசி, தூக்கம், சளி எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு இப்போதெல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. வீட்டில் கறி எடுப்பதையே நிறுத்திவிட்டால் என்ன? கேட்பவர்கள் ஆச்சாரம் பார்க்கிறவர்கள் இல்லை. வாசிப்பு வட்டத்தில் வளர்ந்தவர்கள், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள், பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களும் நேர்மையானவை. பிராய்லர் கோழிப் பண்ணைக்குள் ஒருமுறை போய் வந்தவருக்கு அந்த நெடியும் நெரிசலும் மறக்காது. பண்ணைக் கோழிகளுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றிப் படித்தவருக்கு அந்தக் கறியைக் குழந்தைக்கு ஊட்டக் கை கூசும். புவி வெப்பமாவதில் கால்நடை வளர்ப்புக்குப் பங்கு உண்டு என்பது அறிவியல். ஓர் உயிரைக் கொன்றுதான் சாப்பிட வேண்டுமா என்ற கேள்வி, யார் கேட்டாலும் கேட்கத் தகுந்த கேள்விதான்.

இவர்களைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. மாட்டுக்கறி தின்றால்தான் சாதி ஒழிப்பாளர் என்று சான்றிதழ் கொடுக்கும் வேலையிலும் எனக்கு ஆர்வமில்லை. போராட்ட நாளில் மாட்டுக்கறி தின்று படம் எடுத்துப் போட்டுவிட்டு, அதைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்ற அம்மாவிடம் வாய் திறக்காத தோழர்கள் பலரைப் பார்த்தாகிவிட்டது. என் வீட்டிலேயே இந்தக் கேள்வி ஒன்றரை ஆண்டாக அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பத்தூர் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இணையர் இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆட்டுக்கறியும் கோழியும் தின்று வளர்ந்தவர். மாட்டுக்கறி, திருமணத்துக்குப் பிறகு என் அம்மா கையால். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் எல்லாக் கறியையும் விட்டுவிட்டார். விலங்குகள் மேல் வந்த இரக்கம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை. கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். எங்கள் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. அவளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய மாதங்களில், “இவளையும் கறி இல்லாமலே வளர்க்கலாமே” என்று கேட்டார்.

அவர் கறியை விட்ட செய்தி அவருடைய ஊருக்குப் போனதும் நடந்ததைக் கேளுங்கள். விலங்கு, இரக்கம் என்று அவர் விளக்கியது யார் காதிலும் ஏறவில்லை. “பையன் நல்ல வழிக்கு வந்துட்டான்” என்றார்கள். கல்யாணத்துக்கு வராத ஒரு பெரியவர் அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார். அதற்கு அடுத்த மாதங்களில் நான் கருவுற்றேன். மசக்கையில் எனக்கும் கறி வாடையே ஆகாமல் போயிற்று. இரண்டு மாதம் தயிர்ச் சோறும் ஊறுகாயும்தான். அப்போது உறவுக்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகவே சொன்னார்: “இப்பதாம்மா நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்க.” வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்திக்குக் கிடைத்த பதவி உயர்வு அது.

ஒரே செயல்தான். அவர் செய்தால் நல்ல வழிக்குத் திரும்புதல், நான் செய்தால் சேரியிலிருந்து மேலேறுதல். எங்கள் இரண்டு பேர் மனத்திலும் அப்படி ஓர் எண்ணமே கிடையாது. ஆனால் தட்டில் இருப்பதற்கு அர்த்தம் சொல்லும் உரிமையை இந்தச் சமூகம் நம்மிடம் விட்டு வைப்பதில்லை. பெரியவர்களான நாங்கள் எதிர்த்துப் பேசலாம், விளக்கலாம், சண்டை போடலாம். இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? சொல்லிக் கொடுத்த அர்த்தத்தை அப்படியே விழுங்கும்.

மொழியிலேயே இது இருக்கிறது. சைவம் என்பது ஒரு மதத்தின் பெயர். அந்த மதத்தின் பெயரைச் சாப்பாட்டுக்கு வைத்துவிட்டு, மீதிப் பேரை எல்லாம் ‘அசைவம்’ என்கிறோம். இல்லாததைக் கொண்டு பெயர் பெற்றவர்கள் நாம். இந்திய அரசின் மாதிரிப் பதிவு அமைப்பு 2014இல் எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சைவ உணவுக்காரர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்த மூன்று பேரின் அளவுகோலில் 97 பேருக்கும் பெயர் வைத்திருக்கிறோம். ‘சுத்த சைவம்’ என்று பலகை தொங்கும் ஓட்டல்கள் ஊருக்கு நாலு இருக்கின்றன. சுத்தம் என்ற சொல் அங்கே தரையைக் கூட்டிப் பெருக்குவதைக் குறிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்ற பலகையில் எழுதாமல் விட்டிருக்கும் சொல் எது என்பதும் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியென்றால் 97 பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ நூலில் இந்த இடத்தைத்தான் தொட்டார். கறியே உண்ணாதவர், கறி உண்டாலும் மாட்டைத் தொடாதவர், மாட்டுக்கறி உண்பவர் என்று மூன்று அடுக்காகச் சமூகம் நிற்கிறது. தீண்டாமையின் கோடு இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவில் ஓடுகிறது என்றார். தமிழ்நாட்டுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். இங்கே சைவம் என்பது ஏணியின் உச்சிப்படி. அதில் ஏறி நிற்பவர்கள் சிலர்தான். ஆனால் ஏணி இருப்பதால் ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே பார்க்க ஒரு படி கிடைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடையில் வரிசையில் நிற்பவர், அடுத்த தெருவில் தொங்கும் கறியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்.

எங்கள் மாவட்ட நிர்வாகமே இதை ஊரறியச் செய்து காட்டியது. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தார்கள். ஆம்பூர் பிரியாணியின் பெருமையை உலகுக்குச் சொல்லப் போகிறோம் என்றார்கள். கோழி உண்டு, ஆடு உண்டு. மாட்டுக்கும் பன்றிக்கும் இடமில்லை. ஆம்பூர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முஸ்லிம்களும் தலித்துகளும் சேர்ந்து தோல் தொழிலால் கட்டி எழுப்பிய ஊர். சீரகச் சம்பா அரிசியில் வெந்த மாட்டுக்கறி பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும்தான் அங்கே உழைக்கிறவர்களின் கைக்கு எட்டும் விருந்து. என் அம்மா ஓவர்டைம் பார்த்துவிட்டு வரும் நாட்களில் வாங்கி வந்தது அந்தப் பொட்டலம்தான். அந்த ஊரின் பெயரில் விழா எடுத்து, அந்த ஊரின் பிரியாணியையே வாசலில் நிறுத்தினார்கள். இயக்கங்கள் எதிர்த்தன, விழாப் பந்தலுக்கு வெளியே இலவசமாக மாட்டுக்கறி பிரியாணி கொடுப்போம் என்று அறிவித்தன. விழாவுக்கு முதல் நாள், மழை வரும் என்று காரணம் சொல்லி நிர்வாகம் தள்ளி வைத்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

அந்த விழாவில் யாரும் சைவம் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே கறிதான். ஆனாலும் தள்ளி வைக்க ஒரு கறி தேவைப்பட்டது. அதனால்தான், “எங்கள் வீட்டில் சைவம், அது எங்கள் தனிப்பட்ட விருப்பம்” என்று ஒரு தோழர் சொல்லும்போது, உங்கள் விருப்பம் சரி, அது போய் நிற்கிற ஏணியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி குழந்தையின் உடம்புக்கு வருவோம். இதில் பொய் சொல்லி நம் பக்கத்தை வலுப்படுத்த வேண்டியதில்லை. கறி இல்லாமல் குழந்தையை நன்றாக வளர்க்க முடியுமா? பாலும் தயிரும் இருந்தால், பருப்பும் பயறும் கீரையும் வேர்க்கடலையும் நாளும் மாறி மாறிக் கிடைத்தால், கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து இரும்புச்சத்தை உடம்பில் ஏற்றத் தெரிந்தால், மருத்துவரிடம் கேட்டுத் தேவைப்பட்ட சொட்டு மருந்தை விடாமல் கொடுத்தால், முடியும். பாலையும் விட்டுவிட்டால் பி12 சத்துக்கு மருந்தை நம்பித்தான் ஆக வேண்டும். வயிறு நிறைகிறது என்று பாலாகவே ஊற்றி வளர்த்தால் இரும்புச்சத்து குறையும் என்பதையும் பல வீடுகளில் கவனிப்பதில்லை. இத்தனையையும் யோசித்து, வாங்கி, அளந்து ஊட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. சைவமாவது என்று அப்பா முடிவெடுப்பார். முளைகட்டிய பயறை மசித்துக் கொடுப்பது அம்மாவின் வேலையாக இருக்கும்.

கறி இருந்தால் கணக்கு எளிது. ஆட்டு ஈரலில் இரண்டு துண்டு, ஒரு முட்டை, கொஞ்சம் நெத்திலி. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 மாதம் முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளுக்குக் கறியோ மீனோ முட்டையோ தினமும் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த வயதில் வயிறு சின்னது, தேவை பெரியது. சிறு கவளத்தில் நிறையச் சத்து போக வேண்டும் என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிக்கும் சோகை பிடித்த பிள்ளைக்கும் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுப்பார்கள். அம்மாக்களும் ஆயாக்களும் வழிகாட்டுதலுக்குக் காத்திருக்கவில்லை. மாட்டுக்கறியின் விலை ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைக்கு நிறையச் சத்து கிடைக்கும் மலிவான வழியைத்தான் தீட்டு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம். 97 பேர் கறி தின்னும் மாநிலத்தில் குழந்தைகள் திடகாத்திரமாக இருக்க வேண்டுமே? இல்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். காரணங்கள் பல, குடற்புழு உண்டு, தாய்க்கே சோகை உண்டு. ஆனால் கறி தின்னும் குடும்பம் என்பதற்கும் குழந்தையின் தட்டில் கறி விழுவதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். வாரத்துக்கு ஒருநாள், அரைக் கிலோ, ஆறு பேர். முதலில் ஆண்கள். குழந்தைக்குக் குழம்பில் பிசைந்த சோறு. “காரம், செரிக்காது” என்று துண்டு கிடையாது. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியது. நம் பிள்ளைகள் கறி தின்று கெடவில்லை, கறி கிடைக்காமல்தான் கெடுகிறார்கள். இந்த நிலையில் கறியைக் குறைப்பது பற்றி முற்போக்கு வட்டம் பேசுவது, பசித்தவர் வீட்டில் விரதத்தின் மகிமை பேசுவது போல இருக்கிறது.

மலையில் நான் தினமும் பார்ப்பது வேறொரு காட்சி. ஜவ்வாது மலையின் சாமை இப்போது நகரத்து அங்காடிகளில் அழகான பொட்டலத்தில் வருகிறது. சத்து, இயற்கை, பாரம்பரியம் என்று அச்சிட்டு, கூடவே ஒரு சைவ மணமும் பூசி விற்கிறார்கள். மலைவாழ் மக்கள் ஏதோ தவசிகள் மாதிரி. சாமைச் சோற்றுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு கிடைத்தால் என் மாணவர்கள் வீட்டில் அன்றைக்குத் திருநாள். 1972இன் வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு காட்டில் வேட்டை கிடையாது. சாமை விதைத்த நிலமும் சுருங்கி, ரேஷன் அரிசி வந்துவிட்டது. பல பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உறுதியாகக் கிடைக்கும் உயிர்ச்சத்து மதியம் தட்டில் உருளும் அந்த ஒரு முட்டைதான். அதைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் தம்பிக்கு எடுத்துப் போகும் பிள்ளைகள் உண்டு. முட்டை சைவமா அசைவமா என்று விவாதிக்கிறவர்களைக் கண்டால் அந்தச் சட்டைப் பைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அந்த முட்டை சும்மா வரவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் முட்டை கிடையாது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, படிப்படியாக ஏறி, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் ஒரு முட்டை என்றானது. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அவ்வளவுதான் ஏற்பாடு. யாருடைய விருப்பமும் யாருடைய தட்டையும் மறிக்கவில்லை. இதையே மற்ற இடங்களில் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை அன்றைய முதல்வரே தடுத்தார். கர்நாடகத்தில் 2021இல் சத்துக்குறைவு மிகுந்த வட மாவட்டங்களில் முட்டை தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்து நின்றார்கள். முட்டை வேண்டாம் என்றவர்கள் வீட்டுக் குழந்தைகள் அந்தப் பள்ளிகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

தமிழ்நாட்டிலும் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம்; உப்புமா, கிச்சடி, பொங்கல். எல்லாமே சைவம். மறு ஆண்டு செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த உப்புமாவில் எந்த உயிரும் கொல்லப்படவில்லை. அந்தப் பெற்றோர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது உணவுப் பழக்கத்தை இல்லை, அருவருப்பை. கையைப் பார்த்து, சட்டியைப் பார்த்து, ஆளைப் பார்த்து முகம் சுளிக்கும் பாடம்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். குழந்தை பிறக்கும்போது எதையும் அருவருப்பதில்லை. எங்கள் மகள் மண்ணைத் தின்றாள், செருப்பைக் கடித்தாள், பல்லியைப் பிடிக்கப் போனாள். எது ‘சீ’ என்பதை அவள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். சோறு ஊட்டும் இந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான் அந்தப் பள்ளிக்கூடம். “ஆட்டுக்குட்டி பாவம், நாம சாப்பிட வேண்டாம்” என்று சொன்னால் ஆட்டின் மேல் அன்பு வரலாம். “ஐய, கவிச்சி” என்று சொன்னால், அந்தக் கவிச்சி நாளைக்கு ஒரு டிபன் பாக்ஸின் மேல் ஏறும். பிறகு அந்த டிபன் பாக்ஸைத் திறந்த கையின் மேல் ஏறும். பிறகு அந்தக் கை வந்த தெருவின் மேல் ஏறும். இரக்கமும் அருவருப்பும் ஒரே ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால்தான் இதில் இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகிறது.

இரக்கத்தால் புலால் மறுத்தவர்கள் நம் மண்ணில் இல்லாமல் இல்லை. வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், சாதி சமயம் எல்லாவற்றையும் மறுத்த அதே மூச்சில் புலாலையும் மறுத்தார். கொன்று தின்பவர்களைப் புறவினத்தார் என்று அவர் ஒரு கோடு கிழித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் புறவினத்தாருக்கும் பசி போக்கச் சொன்னார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே சைவ உணவு என்றாலே பார்ப்பனியம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கைவிடுவதில் சுயமரியாதையும் இருந்திருக்கிறது. 1927இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை உண்பதை விடுங்கள் என்று மக்களிடம் கேட்டார். என் தாத்தா தலைமுறையிலும் எங்கள் ஊரில் அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள் என்று அம்மா சொல்வார். அது மாட்டுக்கறி அசுத்தம் என்பதற்காக எடுத்த முடிவு இல்லை. ஊரான் வீட்டில் செத்ததைத் தூக்கிப் போடும் அடிமை வேலையும் வேண்டாம், அதற்குக் கூலியாக வரும் கறியும் வேண்டாம் என்ற முடிவு. சொந்தக் காசில் கடையில் வாங்கும் கறியை அவர்கள் விடவில்லை.

விலங்கின் மேல் இரக்கம் கொண்டு கறியை விடும் தோழர்கள் பாலைப் பற்றியும் யோசித்துப் பார்க்க வேண்டும். மாடு கன்று போட்டால்தான் பால். கன்றுகளில் பாதி காளைக்கன்று. டிராக்டர் வந்த பிறகு அதற்கு உழவில் வேலை இல்லை. பால் வற்றிய மாட்டைச் சும்மா கட்டி வைத்துத் தீனி போட இரண்டு மாடு வைத்திருக்கும் விவசாயியால் முடியாது. சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். அங்கிருந்து கறி உழைப்பவர்களுக்குப் போகிறது, தோல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வருகிறது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கத் தடை விதித்தபோது முதலில் கலங்கியவர்களில் பால் மாடு வைத்திருந்த விவசாயிகளும் உண்டு. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான் ஒரே வாரத்தில் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஆக, காலையில் குடிக்கும் பில்டர் காபியும் மாலையில் வெந்த மாட்டுக்கறியும் ஒரே மாட்டின் இரண்டு கணக்கு. காபி குடிப்பவர் புனிதர், கறி தின்பவர் கொலைகாரர் என்ற கணக்கு மட்டும் எப்படி வந்தது? புவி வெப்பமாதலிலும் இப்படித்தான். அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் கறி தின்கிறார். இந்தியர் ஒருவரின் சராசரி அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஆம்பூர்ச் சேரிக் குழந்தையின் தட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இத்தனையும் பேசி, பல இரவு சண்டை போட்டு, எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இணையர் கறி தின்பதில்லை. அது அவர் உரிமை, நான் நொட்டை சொல்வதில்லை. ஆனால் வீடு சைவ வீடு ஆகாது. மகளுக்கு முட்டை அவித்து உரித்துக் கொடுப்பவர் அவர்தான். ஈரலை நான் வதக்குகிறேன், ஊட்டுவது அவர். மூக்கைச் சுளிக்காமல், மூச்சைப் பிடிக்காமல் ஊட்டப் பழக அவருக்குச் சில வாரங்கள் ஆயின. கறிக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி கிடையாது. இது கேட்கச் சிறிய விஷயமாகத் தெரியும். தனிச் சட்டி வைத்த வீட்டில் பிறகு தனி டம்ளர் வர நாளாகாது என்பதை டீக்கடைகள் நமக்குச் சொல்லியிருக்கின்றன. மாதம் ஒருமுறை என் அம்மா உப்புக்கண்டம் கொண்டுவருவார். “மாப்ள தின்னாட்டி போவட்டும், கொயந்தைக்கு நாலு துண்டு வறுத்துப் போடு” என்று அவரே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். மகள் பெரியவளாகி, ஆட்டுக்குட்டி பாவம் என்று அவளே சொன்னால் அவளும் விடட்டும். அப்போது அவள் விடுவது தனக்குத் தெரிந்த ருசி ஒன்றை.

ஏற்பாடு வீட்டுக்குள் நின்றுவிட்டால் போதுமா? மகளை மழலையர் பள்ளியில் சேர்க்கத் திருப்பத்தூரில் ஓரிடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இருப்பதுதான். கட்டண விவரத்தோடு ஒரு விதித் தாளும் கொடுத்தார்கள்: டிபனில் சைவம் மட்டும், முட்டையும் கூடாது. “சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்களா?” என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். “அப்படி யாரும் இல்லம்மா. எல்லாரும் சாப்பிடறவங்கதான். இருந்தாலும்…” என்று இழுத்தார். எதற்கு இருந்தாலும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் விளக்கம் தேவைப்படுவதில்லை. பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மாற்ற முடிந்த விதிதான் அது. முட்டையாவது அனுமதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்று அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கும் இரண்டு தோழர்களிடம் சொன்னேன். யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள். நீங்கள் இருக்கும் ஊரில் இப்படி ஒரு தாள் கையில் கிடைத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காலை உணவுத் திட்டத்திலும் முட்டை சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரமும் இதுதான்.

எங்கள் மகளை ஜூன் மாதம் தெருக்கோடி அங்கன்வாடியில் சேர்த்துவிட்டோம். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு அங்கே வாரம் மூன்று முட்டை. செய்தியைச் சொன்னபோது அத்தை முட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அங்க யார் யார் வூட்டுப் புள்ளைங்க வருது?” என்றுதான் கேட்டார்.